‘ஈக் அவுட்’ என்னும் ஆங்கில வினைத்தொடர்

ஆங்கில வினைகள் சில, சிறு இடைச்சொல்லொன்று பின்வந்து சேர்ந்த மாத்திரத்தே தனிப்பொருள் கொள்வன. அவற்றுள் அருகி வழங்குவது ‘ஈக் அவுட்’. ‘ஈக் அவுட் எ லிவிங்’ என வருமிடத்தை மட்டும் கண்ட மாணவர், இதற்குச் ‘சம்பாதித்தல்’ என்றே பொருள் எழுதிவிடுகின்றனர். அது பொருந்தாது.

‘ஈக்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்திற் கூட்டுதல், பெருக்குதல் என்பன பொருள். ‘மேலும்’ என்னும் பொருளில் வரும் ‘ஈக்’ என்ற இடைச்சொல்லும் இதன் உறவே. சோசரின் செய்யுட்களில் அதனைப் பலகாற் காணலாம். இயற்பெயரோடு கூடிய மற்றொரு பெயர் ‘ஈக்நேம்’ எனப்பட்டது. அதன்முன் நின்ற ‘ஆன்’ என்பதன் ஈற்று மெய் பெயரோடு ஒட்டிக்கொள்ளவே, இன்றைய ‘நிக்நேம்’ பிறந்தது. பிழைபடப் பிரித்ததனாற் பிறந்த சொல்லே இன்று செஞ்சொல்லாயிற்று!

எனவே ‘ஈக் அவுட்’ என்பது, போதாத ஒன்றோடு பிறிதொன்று கூட்டி அதனைப் போதச் செய்தலாம். 1940இல் பிரித்தானியாவில் வெண்ணெய்ப் பங்கீடு தொடங்கியபின், இல்லத்தரசியர் மாஜரின் கலந்து வெண்ணெயை நீட்டினர். இங்கு வினைக்குச் செயப்படுபொருள் வெண்ணெய். கூட்டப்பட்ட மாஜரின் ‘வித்’ என்னும் முன்னிடைச்சொல் பெற்று வரும். சேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், மூன்றாம் அங்கத்தின் முகவுரை அவையோரை வேண்டுமிடத்தும் இவ்வினையே வருகின்றது. ஆண்டுக் குறையுடையது அரங்கக் காட்சி. கூட்ட வேண்டுவது காண்போர் கற்பனை.

இவ்வியல்பு நோக்கியே, ஆங்கில வழக்கு பற்றி 1926இல் வெளிவந்த தம் நூலில் எச். டபிள்யூ. பவுளர் ஒரு விதி வகுத்தார். முன்னிருந்த குறைபொருளே செயப்படுபொருளாதல் வேண்டும். விளைந்த பயன் ஆகலாகாது. அஃதாவது, வருவாயை ‘ஈக் அவுட்’ செய்யலாம், பிழைப்பைச் செய்யலாகாது. விதி நுண்ணியது, ஆயினும் காலங்கடந்து வந்தது. அவர் விலக்கிய வழக்கு அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. இன்றைய அகராதிகளும் அதனை ஏற்கின்றன. கூட்டுதற்பொருள் மங்கவே, சிக்கனமாய்ச் செலவிடுதல், அரிதின் முயன்று பெறுதல் என்பனவும் பொருளாயின. விளையாட்டுச் செய்தியில் மயிரிழையில் வென்ற அணிக்கும் இவ்வினை உரியதாயிற்று.

பிற்காலப் பொருளுக்கு நம் பேச்சுவழக்கிலுள்ள ‘ஒப்பேற்றுதல்’ பெரிதும் இணங்கும். முற்காலப் பொருளுக்கோ ஒரு சொல் அமைவதில்லை; மொழிபெயர்ப்போர் ‘கூட்டிப் போதச் செய்தல்’ என விரித்தே எழுதல் வேண்டும்.