பறவைக்குக் காவல், பயிருக்கு உரம்

பறவைக்கு இடம் கொடுத்தால் பயிருக்கு உரம் கிடைக்கும் என்பதைச் செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் விவசாயிகள் நெடுங்காலமாக அறிவார்கள். ஏரி மரங்களில் தங்கும் நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், கொக்கு ஆகியவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசன நீரோடு வயலுக்கு வந்து சேருகின்றன. ஆங்கிலேயப் படையினர் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு 1798-ல் தடை உத்தரவு பெற்றனர்.

உங்கள் ஊர் ஏரியிலும் பறவைகள் தங்குகின்றனவா? ஆண்டுக்குச் சில நாள் ஊர்கூடி உழைத்தால் போதும். கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. சரணாலயமாக இருந்தால் முதலில் வனத்துறையின் அனுமதி பெறவும்.

2. பறவைகள் சென்று, நீர் வற்றிய கோடையில் வேலை செய்யவும். கூடு கட்டும் காலத்தில் மரத்தடியில் நடமாடினால், முட்டையையும் குஞ்சையும் விட்டுப் பறவைகள் பறந்துவிடும்.

3. சீமைக் கருவேலை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும், வேரோடு அகற்றவும். ஆனால் பறவைகள் கூடு கட்டும் மரமாயின், நாட்டுக் கருவேல், நீர்க்கடம்பு கன்றுகளை நட்டு, அவை வளரும்வரை விட்டு வைக்கவும்.

4. அறுந்த நைலான் வலை, தூண்டில் நரம்பு ஆகியவற்றைப் பொறுக்கி எடுக்கவும். இவை பறவையின் காலில் சிக்கி உயிரைப் போக்கும்.

மருந்து தெளித்த கருவியை ஏரியில் கழுவாதிருப்பதும் இப்பணியில் ஒரு பகுதியே. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.