டிராக்டர் என்ஜினைத் தேய்ப்பது புழுதியே

கோடை உழவின்போது செம்மண் கொல்லையில் ரோட்டவேட்டர் ஓட்டும் டிராக்டரைத் தொலைவிலிருந்து பார்த்தால் வண்டி தெரியாது. புழுதிப் படலம்தான் தெரியும். ஓட்டுநர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ஜினும் அதே புழுதியைத்தான் சுவாசிக்கிறது. அதன் மூக்குக்குக் கட்டிய துண்டுதான் ஏர் கிளீனர் எனப்படும் காற்று வடிப்பான். டிராக்டர் வைத்திருப்பவர்களில் பலர் ஆயிலைப் பார்க்கிறார்கள், தண்ணீரைப் பார்க்கிறார்கள். இந்த வடிப்பானை மட்டும் திறந்து பார்ப்பதில்லை. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் தவறாமல் வைக்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் ஆயில் சேறாகி எத்தனை நாளாயிற்று என்பது யாருக்கும் தெரிவதில்லை.

டீசல் எரியக் காற்று வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. எவ்வளவு காற்று என்பதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். 2,500 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் என்ஜின் ஒன்று நிமிடத்திற்கு 1,500 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். நான்கு ஸ்டிரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுக்கும். ஆகவே நிமிடத்திற்கு 1,800 லிட்டருக்குச் சற்று முன்பின்னாகவும், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டரும் காற்று உள்ளே போகிறது. ஒரு லட்சம் லிட்டர் என்பது 100 கன மீட்டர். புழுதி உழவில் ஒரு கன மீட்டர் காற்றில் கால் கிராம் மண் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், பத்து மணி நேர வேலையில் கால் கிலோ மண் என்ஜினின் வாசலுக்கு வந்து சேருகிறது. அதை வாசலிலேயே நிறுத்துவதுதான் வடிப்பானின் வேலை.

மண்ணில் உள்ள மணல் துகள் சிலிண்டர் லைனரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. உள்ளே நுழைந்தால் அது பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் உள்ள ஆயிலுடன் கலந்து, வால்வு தேய்க்கும் பசை போல வேலை செய்யும். லைனரின் மேல்பகுதி முதலில் அகலும். ரிங் தேயும். பிறகு அந்த ஆயில் கீழே இறங்கி, கிராங்க் பேரிங் வரை மண்ணைக் கொண்டுபோகும். வெளியே தெரியும் அறிகுறிகள் பின்னால்தான் வருகின்றன. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகும்; நீலப் புகை தள்ளும்; ஆயில் குறையும்; பிரீதர் குழாய் வழியே ஆவி வீசும்; கலப்பை இறங்கினால் வண்டி திணறும். "என்ஜின் வேலை வைத்துவிட்டது" என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் லைனர், பிஸ்டன், ரிங் என்று பட்டியல் நீளும். அதுவும் பெரும்பாலும் நடவு நேரத்திலோ அறுவடை நேரத்திலோதான் நடக்கும். கடன் தவணை கட்ட வேண்டிய வண்டி செட்டில் நிற்க, உழவுக்குப் பக்கத்து ஊர் வண்டியை வாடகைக்கு அழைக்க வேண்டியிருக்கும். கம்பெனி இரும்பு சரியில்லை என்றோ ஆயிலில் கலப்படம் என்றோ பழி போடப்படும். குழாயைக் கழற்றிப் பார்த்தால் காரணம் அங்கே செம்மண்ணாகப் படிந்திருக்கும்.

ஆயில் தொட்டி வடிப்பான்

பழைய டிராக்டர்கள் பலவற்றிலும், இன்று ஓடும் சிறிய, நடுத்தர டிராக்டர்கள் சிலவற்றிலும் ஆயில் தொட்டி வகை வடிப்பானே உள்ளது. காற்று நடுக்குழாய் வழியே கீழே பாய்ந்து, கிண்ணத்தில் உள்ள ஆயிலில் மோதித் திரும்பும். கனமான துகள்கள் ஆயிலில் சிக்கிக்கொள்ளும். மிஞ்சியவை ஆயில் நனைந்த கம்பி வலையில் ஒட்டி, மறுபடி கிண்ணத்தில் வடியும். எளிய ஏற்பாடுதான். ஆனால் கிண்ணத்தில் போதிய ஆயில் இருந்தால்தான், அதுவும் இளகிய ஆயிலாக இருந்தால்தான் இது நடக்கும்.

புழுதி உழவு நடக்கும் நாட்களில் தினமும் காலையில் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. விரலை விட்டால் அடியில் அரை அங்குலச் சேறு தட்டுப்பட்டாலோ, ஆயில் கூழாகக் கெட்டிப்பட்டிருந்தாலோ அதைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தை டீசலில் கழுவித் துடைத்து, என்ஜினுக்கு ஊற்றும் அதே தரமுள்ள புது ஆயிலைக் குறி வரை ஊற்ற வேண்டும். சேற்றுழவுக் காலத்தில் இத்தனை அவசரமில்லை. வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை இதில் ஊற்றும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இதில் மிச்சமாகும் காசு அற்பம். ஏற்கெனவே அழுக்கைச் சுமந்த ஆயில் மேலும் அழுக்கை எப்படிப் பிடிக்கும்?

குறிக்கு மேல் ஊற்றுவதும் தவறு. அதிகப்படி ஆயிலை என்ஜின் இழுத்துவிடும். புகை தள்ளுவதோடு நின்றால் நல்லது. சில சமயம் அந்த ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு என்ஜின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும். அப்போது டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி சாயும்போது இந்த ஆபத்து கூடுதல். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தில் டிராக்டர்களைச் சோதிக்கும்போது, வடிப்பானின் ஆயில் என்ஜினுக்குள் இழுக்கப்படுகிறதா என்பதையும் ஒரு தனிச் சோதனையாகவே செய்கிறார்கள்.

கம்பி வலையை அவ்வப்போது மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அலசி, நன்றாக வடியவிட்டு உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். பெட்ரோல் வேண்டாம், தீ விபத்துக்கு அது வழி. மேலே கண்ணாடிக் குடுவை போல முன்வடிப்பான் இருந்தால் அதில் சேரும் மண்ணையும் உமியையும் தட்டிவிட வேண்டும்.

காகித வடிப்பான் உள்ள புதிய வண்டிகளுக்கு முறை வேறு. இதைத் தினமும் கழற்றித் தட்டுவது கெடுதல். அடைப்பு ஏற்பட்டதைக் காட்டும் விளக்கோ சிவப்புக் குறியோ தெரியும்போது எடுத்தால் போதும். டயரில் அடித்துத் தட்டினால் காகித மடிப்பு கிழியும். குறைந்த அழுத்தத்தில் காற்றை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் மண் காகிதத்துக்குள் புதைந்துகொள்ளும். சுத்தம் செய்தபின் உள்ளே ஒரு பல்பைப் பிடித்து இருட்டில் பார்த்தால், ஊசித் துளை இருந்தாலும் ஒளி தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் அதைத் தூக்கி எறிவதே முறை. நடுவில் உள்ள சிறிய வடிப்பானைச் சுத்தம் செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். கூட்டின் அடியில் உள்ள ரப்பர் வாயைத் தினமும் ஒரு முறை அமுக்கிவிட்டால் சேர்ந்த மண் கொட்டிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, வடிப்பானிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைப் பார்க்காமல் விட்டால் பயனில்லை. வடிப்பானைத் தாண்டிய இடத்தில் ஒரு வெடிப்பு இருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ அந்தச் சந்து வழியாக வடிகட்டாத காற்று நேரே சிலிண்டருக்குப் போகும். குழாயில் துணி சுற்றிக் கம்பி கட்டி ஓட்டும் வண்டிகள் இன்றும் உண்டு. ஒரு ரப்பர் குழாயின் விலையையும் ஒரு லைனர் செட்டின் விலையையும் கடையில் கேட்டுப் பார்த்தால் அந்தக் கட்டு உடனே அவிழும்.

ஆயிலும் டீசலும்

ஆயில் அளவை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டும். குச்சியில் உள்ள இரு குறிகளுக்கு நடுவே இருந்தால் சரி. டீசல் என்ஜினில் புது ஆயில் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது அதன் வேலை. ஆகவே கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆயில் பால் போல வெளுத்திருந்தால்தான் பயப்பட வேண்டும்; அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஊற்றாமலே அளவு கூடினாலும் டீசலோ தண்ணீரோ இறங்குகிறது என்று பொருள். இரண்டிலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஆயில் மாற்றும் மணிக் கணக்கு வண்டிக்கு வண்டி வேறுபடும். 250 மணி என்று பல கையேடுகள் சொல்லுகின்றன. புது வண்டிக்கு முதல் மாற்றம் அதற்கு வெகு முன்பே வரும். மணி மீட்டர் பழுதாகிப்போன வண்டிகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாடகைக்கு ஓட்டுவோர் எப்படியும் மணிக் கணக்கை எழுதத்தான் செய்கிறார்கள். அதையே கூட்டிப் பார்த்தால் ஆயில் கணக்கும் கிடைத்துவிடும். ஆயிலை மாற்றும்போது பில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் கூடவே இறங்கும்.

டீசலில் பகை தண்ணீர். இன்ஜெக்‌ஷன் பம்பின் உருளைக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டதில் சில பங்குதான்; தலைமுடியின் கனத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது. அங்கே துருப் பிடித்தால் பம்ப் போயிற்று. டேங்க்கைப் பாதி காலியாக இரவில் விட்டால், உள்ளே உள்ள காற்றின் ஈரம் குளிரில் நீராகித் தகட்டில் வடியும். எனவே காலையில் நிரப்புவதை மாலையில் நிரப்பிவைப்பது நல்லது. கேனில் வாங்கி வரும் டீசலை ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டு, அடிமண்டியைத் தவிர்த்து, நுண்ணிய கம்பி வலை வைத்த புனல் வழியே ஊற்ற வேண்டும். டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வாரம் ஒரு முறை வடித்துவிட வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்புக்கு வேண்டிய வழவழப்பைக் குறைத்துவிடும்.

டேங்க் வற்றிக் காற்றுப் பிடித்துவிட்டால், பழைய வகைப் பம்ப் உள்ள வண்டியில் பில்டரின் மேல்திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்கி, பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகிலும் அப்படியே செய்தால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதை ஒட்டி வந்த காமன் ரெயில் என்ஜின்களில் இன்ஜெக்டர் குழாயில் ஸ்பானரை வைக்கவே கூடாது. அதில் உள்ள அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரேடியேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பான போர் தண்ணீரை ஊற்றினால் அரிசி வேகவைக்கும் பாத்திரத்தில் படிவது போல் உள்ளே உப்புக் காரை படிந்து சூடு ஏறும். கையேட்டில் சொன்ன கூலண்ட் கலவையே ஏற்றது. வெளிப்புறச் சந்துகளில் அடைந்த உமியையும் வைக்கோல் தூசியையும் என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் காற்றடித்து நீக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறக்கக்கூடாது. பேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கலாம்.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே ஏர் கிளீனர் உதவும். விற்கிறவர் புதுப் பெயின்ட் அடித்திருப்பார், டயரைக் கறுப்பாக்கியிருப்பார். வடிப்பானுக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றச் சொல்லி, வெள்ளைத் துணி சுற்றிய விரலை உட்புறம் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் மண் ஒட்டினால், அந்த என்ஜின் எத்தனை மணி ஓடியிருந்தாலும் லைனர் செட்டின் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேச வேண்டும்.