சுவரில்லாத சித்திரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது எம் முன்னோர் வாக்கு. உடலைப் பேணுக என்று அறிவுறுத்த வந்த இடத்திலே அவர்கள் இவ்வுவமையைக் கையாண்டனர். எனினும் சித்திரம் பயிலும் மாணவர்க்கும் அது நேரே பொருந்தும். கணினித் திரையிலே ஒளியைக்கொண்டு ஓவியந் தீட்டும் இன்றைய இளைஞனுக்குச் சுவர் எது? துணியுமில்லை, தாளுமில்லை. அவன் எழுதியவை யாவும் ஒரு கோப்பினுள்ளே எண்களாய் அடங்கிக் கிடக்கின்றன. அந்தக் கோப்புத்தான் அவனது சுவர். அது சிதைந்தாற் சித்திரமும் இல்லை.

சுவர் இடிதல் என்றால் என்னவென்று வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளிலே கிளிநொச்சிப் பகுதியிலிருந்து முல்லைத்தீவுக் கரைவரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வீடு வாசலோடு கலியாணப் படங்களையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்களையும் இழந்தன. மறைந்தவரின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படமேனும் எஞ்சாத வீடுகள் இங்கு உண்டு. ஒரு படத்தை ஆக்குவதைப் போலவே அதைக் காப்பதும் கலைஞன் கடமை என்பதை வேறெந்த மண்ணைக் காட்டிலும் இந்த மண் நன்கறியும்.

இன்று வன்னியிலே கல்வி மீண்டும் தழைத்து வருகிறது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகிய வவுனியா நிறுவனம், 2021 ஆகஸ்ட் 1ஆந் திகதி முதல் தனிப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியற் பீடம் இயங்குகிறது. நுண்கலையை நாடுவோர்க்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்புச் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இடமுண்டு. எங்கு பயின்றாலும், கணினி ஓவியம் கற்கும் மாணவர் அனைவருக்கும் ஒரு நாள் வந்தே தீரும். ஆசிரியர் முன்னிலையிலே தம் படைப்பை வைத்து, விமர்சனத்தைக் கேட்டு, பின்னர் அதனை ஒப்படைக்கும் நாள் அது. அதற்கு ஆயத்தமாவது எங்ஙனம் என்பதையே இங்கு ஆராய்வோம்.

அவையிலே வைத்தல்

படைப்பை அவையில் வைத்துக் குறை நிறை கேட்டல் எமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதென்று அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. நூலாசிரியர் வினாக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அரங்கேற்றத்தின் உட்பொருள்.

ஆகவே மாணவர் முதலிற் செய்ய வேண்டியது, இறுதிப் பத்து நாட்களிலே புதிதாக எதையும் சேர்க்காதிருத்தல். வேண்டாதனவற்றை நீக்குதற்கும், செய்தவற்றுக்குக் காரணம் காண்பதற்கும் உரிய காலம் அது. கணினியிலே ஒரு பொத்தானைத் தட்டினால் நிழலும் மினுக்கமும் வந்து சேரும். வந்ததெல்லாம் வேண்டியதாகிவிடாது. "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று ஒவ்வோர் அடுக்கையும் மறைத்துப் பார்த்துக் கேட்க வேண்டும். மறைத்தபின்பும் படத்துக்குக் குறைவொன்றும் நேரவில்லையாயின் அந்த அடுக்கை நீக்கிவிடலாம்.

இரண்டாவதாக, படைப்பு வளர்ந்த வழியைக் காட்டும் ஆதாரங்களைத் திரட்டுதல் வேண்டும். பென்சிலாற் கீறிய முதற் குறிப்பு, கைவிட்ட வடிவம், இடைக்கால மாற்றம் ஆகியவற்றை நாள்வரிசையில் வைக்கவேண்டும். 1984இல் வெளிவந்த மக்கின்டோஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர் என்ற அம்மையார், கட்டம்போட்ட கொப்பித் தாளிலே சதுரஞ் சதுரமாய் நிரப்பியே அவற்றை உருவாக்கத் தொடங்கினார். எமது பெண்கள் புள்ளியிட்டுக் கோலமிடும் முறையை அது நினைவூட்டுகின்றது. திரையிலே முடிவது தாளிலே தொடங்கியதென்றால் அதனை ஒளிக்க வேண்டியதில்லை.

பிறர் எடுத்த படத்தைப் பயன்படுத்தியிருப்பின் அவர் அனுமதியைப் பெற்று, அதைக் குறிப்பிடுதல் நேர்மை. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு ஆக்கிய பகுதி உண்டாயின், எது இயந்திரம் தந்தது, எது தன் கை செய்தது என்று முன்னரே சொல்லிவிடுதல் மேலும் நேர்மை. வினவப்பட்டபின் சொல்வது ஒப்புதல் வாக்குமூலமாகவே தோன்றும்.

அம்மம்மாவின் கிணறு

ஒரு மாணவி, தான் பார்த்தேயறியாத தன் அம்மம்மாவின் பழைய வளவைப் பிறர் சொல்லக் கேட்டு வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் ஆசிரியருக்குக் காட்டுமுன், ஒரு விளக்கமும் சொல்லாமல் அந்த மூதாட்டியிடமே படத்தைக் காட்டட்டும். "துலா மற்றப் பக்கம் அல்லவோ பிள்ளை நின்றது?" என்று அவர் கேட்டால், அந்தச் சொல் எந்த நூலிலும் கிடைக்காத விமர்சனம். துலாவை இடம் மாற்றுவதா, நினைவு பிசகும் என்பதையே படத்தின் பொருளாக்குவதா என்பதை மாணவி தீர்மானிக்கலாம். ஆனால் தீர்மானித்துத்தான் ஆகவேண்டும்.

இதற்கு எம்மிடையே சிறந்ததோர் முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனன் 2011இலே 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலை வெளியிட்டார். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடே தோம்பு. போரினால் இடம்பெயர்ந்தோர் தாம் விட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தந்த வரைபடங்கள், கட்டடக் கலை முறையில் அமைந்த வரைபடங்கள், ஓவியரின் சித்திரங்கள் ஆகியவை அந்நூலில் இடம்பெறுகின்றன. எளிய கையாற் கீறிய கோணலான கோடும் ஆவணமாகும் என்பதை அந்நூல் காட்டிற்று.

விமர்சன நாளிலே முதலில் படத்தைப் பேசவிட்டுப் பின்னர் மாணவர் பேசுதல் நன்று. செய்தது என்ன, இவ்வாறு செய்தது ஏன், இடையிலே மாறியது எது என்ற மூன்று வினாக்களுக்குச் சுருக்கமான விடை கையில் இருக்கட்டும். ஆசிரியர் கூறுவனவற்றைத் தோழரொருவர் எழுதிக்கொள்ளட்டும். பதில் சொல்லும் பதற்றத்திலே பாதி காதில் ஏறாது. "இந்தப் பச்சை பொருந்தவில்லை" என்பது பச்சையைப் பற்றிய கூற்று. பிள்ளையைப் பற்றிய தீர்ப்பன்று. வீட்டிலே பெற்றோரும் இதனை நினைவிற்கொள்வாராக.

சுவரைக் காத்தல்

இனி ஒப்படைக்கும் காரியம். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலின் பச்சை திரையிலே தகதகக்கும். தாளில் ஏறியதும் மங்கும். திரை ஒளியைக் கலப்பது. அச்சு மையைக் கலப்பது. ஒளிக்கு எட்டும் நிறம் யாவும் மைக்கு எட்டா. ஆதலின் ஒரு வாரம் முன்னதாகவே ஒரு சிறு பகுதியை அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். அளவும் முக்கியம். ஏ3 தாளில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சிட 3508க்கு 4961 புள்ளிகள் தேவை. 1080 புள்ளி அகலமுள்ள கைப்பேசிப் படம் அதே தெளிவில் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றருக்கே போதும். வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பினால் அதன் தரம் இன்னுங் குறையும். கோப்பாக அனுப்புவதே தக்கது.

தமிழெழுத்து உள்ள படைப்புக்கு வேறோர் இடருண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்துபவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், தலைப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்க் காட்சி தரும். 1991இலேயே யுனிகோட்டில் தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றச் செய்யும் மென்பொருள்கள் உள. எனவே ஒப்படைக்கும் பிரதியில் எழுத்தை உருவமாக மாற்றிவிட்டு, திருத்தக்கூடிய பிரதியைத் தனியே வைத்திருத்தல் வேண்டும்.

1998இலே 'டோய் ஸ்டோரி 2' என்னும் அசைபடம் தயாராகிக்கொண்டிருக்கையில், தவறான கட்டளையொன்றால் அதன் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதியும் பழுதாயிருந்தது. கைக்குழந்தையின் பொருட்டு வீட்டிலிருந்து வேலைசெய்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் கணினியிலே ஒரு பிரதி இருந்தமையால் அப்படம் பிழைத்தது. பெரிய நிறுவனத்துக்கே இந்நிலை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டையும் கண்ட எம் மாணவர் எவ்வளவு கவனமாயிருத்தல் வேண்டும்! மூன்று பிரதிகள்; அவை இரு வேறு சாதனங்களில்; அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில். இதுவே எளிய விதி. பிரதி எடுத்தபின் அதனை மற்றொரு கணினியிலே திறந்து பார்த்தாலன்றிப் பணி முடிந்ததாகாது.

புள்ளிகள் கிடைக்கும்; பட்டமும் கிடைக்கும். அதன்பின் அந்தக் கோப்பின் கதி என்ன? ஒப்படைத்த மறுநாளே படத்தின் ஒரு பிரதியை நல்ல தாளில் அச்சிட்டுச் சட்டமிட்டு அம்மம்மாவின் கையிலே கொடுக்குமாறு மாணவரை வேண்டுகிறோம். படங்களை இழந்த வீட்டின் வெறுஞ் சுவரிலே ஒரு படம் மீண்டும் ஏறட்டும்.