சத்தம் கூடினால் தரம் கூடுமா?

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே போட்ட கடைகள்தான் பர்மா பஜார். ராயபுரம் பக்கம் பல வீடுகளுக்கு ஸ்டீரியோ வந்த வழி அதுதான். அங்கே இரண்டு ரிசீவரை மாற்றி மாற்றிப் போட்டால், பெரும்பாலும் சற்றுச் சத்தமாகப் பாடுவதே நமக்குப் பிடித்துப்போகும்.

ஏன்? சத்தம் குறைந்தால் தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தமாகிவிடும் என்று 1933-ல் பெல் ஆய்வகத்தின் பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். வால்யூமை ஏற்றினால் பேஸ் தானாக எழும்பும். 1 டெசிபல் வித்தியாசம்கூட ‘தெளிவு’ என்று நம்மை ஏமாற்றிவிடும்.

எப்படிச் சோதிப்பது? ஸ்பீக்கர் ஒன்றே இருக்கட்டும். 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள் (மலிவு மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தடுமாறும்). ஒரு ரிசீவரில் 2 வோல்ட் என்றால் மற்றதிலும் அதே 2 வோல்ட் வரும்வரை திருகுங்கள். 1 டெசிபல் என்பது சுமார் 12 சதவீத வோல்ட்டேஜ். பிறகு எது ஓடுகிறதென்று தெரியாமல், சட்சட்டென்று மாற்றிக் கேளுங்கள். ஒலியின் நுணுக்கம் சில நொடிகளுக்கு மேல் நினைவில் நிற்காது.

எண்ணூர் விரைவுச் சாலையோரம் வீடா? கண்டெய்னர் லாரியின் உறுமல் பேஸை விழுங்கிவிடும்; வண்டி ஓய்ந்த நேரம் பாருங்கள். அளவு ஒத்துப்போனதும் நல்ல ரிசீவர்களுக்கிடையே வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.