தலையீற்று நாயின் பேறுகாலம்

முதன்முறை சினையுற்ற நாய்களுள் பெரும்பாலானவை எவருடைய உதவியும் இன்றிக் குட்டிகளை ஈன்று, நக்கித் துடைத்து, பாலூட்டவும் தொடங்கிவிடுகின்றன. எனினும், முன் பழக்கமில்லாத தாய் தன் முதல் குட்டியைக் கண்டு மிரண்டு விலகுவதும், குட்டி பிறப்புவழியில் சிக்கிக்கொள்வதும் நேரக்கூடியவை என்பதால், வளர்ப்பவர் அருகிலிருந்தே தீரவேண்டும். அவருக்கு முதன்மையாகத் தேவைப்படுபவை ஒரு வெப்பமானியும் ஒரு கடிகாரமும். கைகளுக்கு வேலை வருவது அரிது.

சினைக்காலம் இனச்சேர்க்கை நாளிலிருந்து 58 முதல் 68 நாட்கள் வரை வேறுபடுகிறது. ஆண் நாயின் உயிரணு பெண்ணின் கருப்பையில் பல நாட்கள் உயிரோடு தங்கியிருக்கும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 63 நாட்கள் என்ற ஒரே அளவு கிடைக்கும். சினையின் 55ஆம் நாளுக்குப் பின் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தில் குட்டிகளின் மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் எண்ணிவிடலாம். எத்தனை குட்டிகள் என்று தெரியாதவருக்கு ஈற்று முடிந்துவிட்டதா, ஒரு குட்டி உள்ளேயே தங்கிவிட்டதா என்பதை அறிய வழியில்லை என்பதால், அந்தப் படத்துக்குச் செய்யும் செலவு வீண்போவதில்லை.

ஈனும் இடத்தை இரண்டு வாரங்களுக்கு முன்பே ஆயத்தம் செய்து, தாயை அங்கே படுத்துப் பழகவிடுவது நல்லது. ஆள்நடமாட்டம் குறைந்த மூலையில், தாய் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு அகலமான பெட்டியில், செய்தித்தாளும் துவைத்த பருத்தித் துணியும் விரித்தால் போதும். சினைக்காலத்தில் கால்சியம் மாத்திரையோ டானிக்கோ கொடுக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டிய ஒன்று. வெளியிலிருந்து கால்சியம் தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து அதை எடுத்துத் தரும் உடலின் இயல்பான ஏற்பாடு மந்தமாகி, பால் சுரக்கும் காலத்தில் தாயைக் கைவிட்டுவிடுகிறது.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற இயக்குநீர் இறுதியில் திடீரெனக் குறையும்போது வெப்பமும் 37.2 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. அதன்பின் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பேறு தொடங்கிவிடும். கடைசி வாரத்தில் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பம் பார்த்துக் குறித்துவருபவருக்கு இந்த இறக்கம் தப்பாது. தொடர்ந்து வருவது பேற்றின் முதல் நிலை, அதாவது கருப்பையின் வாய் விரியும் நிலை. அப்போது தாய் உணவை மறுக்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். துணியை முன்னங்கால்களால் பறித்து மூலையில் குவிக்கும். படுத்த சில நொடிகளில் எழுந்து தன் விலாப்புறத்தைத் திரும்பிப் பார்த்து மீண்டும் படுக்கும். வழக்கமாக 6 முதல் 12 மணி நேரம் நீளும் இந்த நிலை தலையீற்று நாய்க்கு ஒரு நாள் வரை கூட நீடிக்கலாம். அண்டை வீட்டாரும் குழந்தைகளும் வேடிக்கை பார்க்கக் கூடினால் அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் சுருக்கங்களை நிறுத்திவிடக்கூடும் என்பதால், தாய் நம்பும் ஒருவர் மட்டும் உடனிருப்பதே முறை.

இரண்டாம் நிலையில் தாய் வயிற்றை இறுக்கி முக்கத் தொடங்கும். பனிக்குடப் பையோடு குட்டி வெளிவரும். ஏறத்தாழ பத்தில் நான்கு குட்டிகள் பின்னங்கால்கள் முன்னாக வருவது நாய்களில் இயல்பே, அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. தாய் ஒரு நிமிடத்துக்குள் பையைக் கிழிக்காவிட்டால், உடனிருப்பவர் குட்டியின் மூக்கருகே பையைக் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, தலை சற்றுத் தாழ்ந்திருக்கப் பிடித்து, சொரசொரப்பான உலர்ந்த துண்டால் முதுகையும் மார்பையும் விடாமல் தேய்க்க வேண்டும். அசைவற்றுக் கிடக்கும் குட்டி பல நிமிடத் தேய்ப்புக்குப் பின் சிணுங்கி மூச்செடுப்பதுண்டு. குட்டியைக் கையில் பிடித்து வீசி உதறும் பழைய முறை மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. தொப்புள்கொடியைத் தாய் கடிக்காவிட்டால், வயிற்றிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, முனையில் அயோடின் தடவ வேண்டும். ஒவ்வொரு குட்டியையும் தொடர்ந்து நஞ்சுக்கொடி வெளியேறுவது மூன்றாம் நிலை. தாய் அவற்றில் பலவற்றைத் தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம் என்பதால் ஒன்றிரண்டுக்கு மேல் விடாமல் அகற்றிவிடலாம்.

கடிகாரம் பயன்படுவது இங்கேதான். தாய் அரை மணி நேரம் தொடர்ந்து வலுவாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டிகள் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சைக் கசிவு தென்பட்டால் சற்றும் காத்திருக்கக் கூடாது. அந்த நிறம் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியும்போது வெளிப்படுவது. முதல் குட்டி பிறந்தபின் இயல்பான அதே நிறம், அதற்கு முன் தோன்றினால், உள்ளிருக்கும் குட்டிக்கு மூச்சுக்காற்று அற்றுவருகிறது என்றே பொருள்படும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியை மருத்துவர் சோதிக்காமல் போட்டால், சிக்கிய குட்டிக்கு எதிராகக் கருப்பை இறுகிக் கிழிந்துபோகவும் கூடும். பக், புல்டாக் போன்ற பெருந்தலைச் சப்பைமூக்கு இனங்களுக்கு அறுவைச்சிகிச்சை அடிக்கடி தேவைப்படுவதால், மருத்துவமனையை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பிறந்த குட்டிக்கு நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறன் இல்லை. வெயில் மிகுந்த ஊரிலும் மழைநாளின் ஈரத் தரையோ மின்விசிறிக் காற்றோ அதைக் குளிரச் செய்துவிடும். முதல் வாரம் பெட்டிக்குள் சுமார் 30 டிகிரி வெப்பம் நிலவ வேண்டும். குளிர்ந்த குட்டியின் குடல் பாலைச் செரிக்காது என்பதால், முதலில் சூடேற்றிய பிறகே பாலூட்ட வேண்டும். தாயின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் கொண்டுவரும் சீம்பாலைக் குடல் முதல் நாளில் மட்டுமே உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு குட்டியும் முதல் சில மணி நேரத்துக்குள் மடியைப் பற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் எடை பார்த்துவந்தால், பத்து நாட்களுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாவதைக் காணலாம். எடை கூடாத குட்டியே முதலில் கவனிக்கப்பட வேண்டியது. தாய் முதல் சில வாரங்களுக்குள் நடுங்கி, கால்கள் விறைத்துத் தள்ளாடினால், அது இரத்தத்தில் கால்சியம் குறைந்ததன் அடையாளம். குட்டிகளைப் பிரித்துவைத்து உடனே மருத்துவரை நாடினால் காப்பாற்றிவிடலாம்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் தடைசெய்கின்றன. குட்டி கேட்டு வருபவர் எவ்வளவு நெருக்கமானவராயினும், அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள்.