முதல் வாசகனுக்கு ஒரு ஷில்லிங்

ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் முதல் நாவலான ‘தி ஹாபிட்’ அச்சேறலாமா என்ற கேள்விக்கு விடை சொன்னது ஒரு பத்து வயதுப் பையன். சிறுவர் நூலைச் சிறுவர்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்பது லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினின் கட்சி. 1936-ல் தட்டச்சுப் பிரதி வந்ததும் மகன் ரெய்னரிடம் கொடுத்தார். எழுதித் தரும் அபிப்பிராயத்துக்குக் கூலி ஒரு ஷில்லிங். பையன் கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, வரைபடங்கள் இருந்தால் போதும், வேறு படங்களே வேண்டாம், ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை எல்லாருக்கும் பிடிக்கும் என்று முடித்திருந்தான்.

அந்தச் சின்ன அறிக்கையில் கோப்ளின்கள் உண்டு, ஓநாய்கள் உண்டு, டிராகன் உண்டு. ட்ரோல்களைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. எனக்கோ நாவலின் உயிரே அந்த ட்ரோல் அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

மழை பெய்த இரவு. காட்டுக்குள் பெர்ட், டாம், வில்லியம் என்று மூன்று ட்ரோல்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டிறைச்சியை வாட்டுகின்றன. நேற்றும் ஆடு, இன்றும் ஆடா என்று அவற்றுக்கு அலுப்பு. திருட வந்த கதாநாயகன், ஹாபிட் பில்போ, வில்லியமின் பையில் கையை விட்டதும் பணப்பையே வாய் திறந்து கூச்சல் போடுகிறது. அவனைத் தேடி வந்த கூட்டாளிகளான குள்ளர்கள் ஒவ்வொருவராகச் சாக்கில் கட்டப்படுகிறார்கள். அப்போது வருகிறார் மந்திரவாதி கேண்டால்ஃப். மந்திரக்கோலை அவர் நீட்டுவதில்லை. இருட்டில் ஒளிந்துகொண்டு, ட்ரோல்களின் குரலிலேயே பேசி, பிடித்தவர்களைச் சுடுவதா, வேகவைப்பதா என்று சண்டையை மூட்டிவிடுகிறார். வாய்ச்சண்டை முடிவதற்குள் பொழுது விடிகிறது. வெளிச்சம் பட்டதும் மூன்றும் நின்ற இடத்திலேயே கல்லாகின்றன.

இந்த உத்திக்கு வேர் வடதேசத்துப் பழம்பாடல்களில் இருக்கிறது. ‘அல்விஸ்மால்’ என்ற பாடலில், தன் மகளைக் கேட்டு வந்த குள்ளனை இடிக்கடவுள் தோர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு விடியும்வரை நிறுத்திவைக்கிறார். சூரியன் அவனைப் பிடித்துவிடுகிறது. டோல்கீன் இந்த இலக்கியங்களில் ஊறியவர். மாயக்கதையில் மாயத்தை அடக்கி வைத்து, பேச்சையும் பொறுமையையும் கொண்டே ஆளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் நாவலில் இந்தக் கை வருவது அபூர்வம்.

1937 செப்டம்பர் 21 அன்று 1,500 பிரதிகளோடு புத்தகம் வெளிவந்தது. ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துபோனது. டோல்கீனின் நண்பர் சி.எஸ். லூயிஸ் எழுதிய மதிப்புரைதான் எனக்குப் பிடித்தது. சின்ன வயதில் இது வேடிக்கைக் கதையாகப் படும். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பத் திரும்பப் படிக்கும்போதுதான் இதன் பின்னாலிருக்கும் புலமை புலப்படும் என்றார். சிறுவர்களுக்காக நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற ஆர்தர் ரான்சமோ, மனிதனே அல்லாத ஹாபிட்டைக் கேண்டால்ஃப் மனிதன் என்று அழைக்கலாமா என்று கடிதம் போட்டார். டோல்கீன் அந்தச் சொல்லைப் பிறகு மாற்றினார். இதற்கெல்லாம் முன்பே, வீட்டில் கதை கேட்ட மகன் கிறிஸ்டோபர், போன தடவை பில்போ வீட்டுக் கதவு நீலம் என்றீர்களே, இப்போது பச்சை என்கிறீர்களே என்று அப்பாவை மடக்கியிருக்கிறான். இப்படிப்பட்ட வாசகர்கள் வாய்த்த எழுத்தாளன் கொடுத்துவைத்தவன்.

ஹாபிட்டுகளைப் பற்றி இன்னும் வேண்டும் என்று பதிப்பகம் கேட்க, 1937 டிசம்பரிலேயே அடுத்த கதையை ஆரம்பித்தார் டோல்கீன். அது வளர்ந்து ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஆனபோது, அச்சிட்டால் ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று தந்தைக்கு எழுதிக் கேட்டார், அப்போது பதிப்பகத்தில் வேலை பார்த்த ரெய்னர். மேதையின் படைப்பு என்று நீ நம்பினால் அந்த ஆயிரத்தை இழக்கலாம் என்று பதில் வந்தது. 1954 ஜூலையில் முதல் பாகம் கடைக்கு வந்தது.