நிலா விழும் முன் ஒரு கல்யாணம்

மூன்றே நாள். பிறகு நிலா ஊர்மீது விழும். நின்டெண்டோ 2000-ல் வெளியிட்ட 'மஜோராஸ் மாஸ்க்' வீடியோ விளையாட்டில் அதைத் தடுக்க, நாயகன் லிங்க் நான்கு கோயில்களை வெல்ல வேண்டும். ஆனால் ரசிகர்கள் மறக்காதது ஒரு கிளைக்கதையை.

சாபத்தால் சிறுவனாகி ஒளிந்திருக்கிறான் கஃபேய். விடுதி நடத்தும் அஞ்சு, திருமணத்துக்காகக் காத்திருக்கிறாள். லிங்க் கடிதம் கொண்டுசேர்க்க வேண்டும். திருடுபோன முகமூடியை மீட்க உதவ வேண்டும். குறித்த நேரம் தவறினால் மீண்டும் முதல் நாள்தான். இத்தனைக்கும் இது கட்டாயமே இல்லை.

விடிந்தால் அழிவு என்ற கடைசி இரவில் ஜோடி சேர்கிறது. பரிசு, ஒரு முகமூடி. காலத்தைத் திருப்பியதும் திருமணம் நடக்காததாகிவிடும். அஞ்சு மறுபடி காத்திருப்பாள். முகமூடி மட்டும் லிங்க்கிடம் மிஞ்சும்.